கார்டு அடிக்கும் முன் படித்துப் பாருங்கள்



இன்றைய பேச்சு ஒரு சின்ன அட்டையைப் பற்றியது. உள்ளங்கையில் அடங்கும் அட்டை. அதில் ஒருவரின் பெயர் இருக்கும். அவர் செய்யும் தொழில் இருக்கும். செல்போன் எண் இருக்கும். விசிட்டிங் கார்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பெரிய முதலாளிகளுக்குத்தான் இந்தக் கார்டு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குழாய் ரிப்பேர் செய்பவருக்கும் இது வேண்டும். சமையல் வேலைக்குப் போகிறவருக்கும் வேண்டும். மேளம் அடிக்கிறவருக்கும் வேண்டும். வேலை தெரிந்த ஆளைத் தேடி ஊரெல்லாம் அலைகிறார்கள். அந்த ஆளின் எண் மட்டும் கையில் இருப்பதில்லை.

மும்பையில் தாராவி என்ற இடம் இருக்கிறது. மாகிம் ரயில் நிலையத்துக்கும் சயான் ரயில் நிலையத்துக்கும் இடையில் இருக்கிறது. அங்கே தோல் வேலை நடக்கிறது. மண்பானை செய்கிறார்கள். தையல் தொழில் நிறைய நடக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கிறார்கள். தொண்ணூறு அடி சாலை என்று ஒரு சாலை உண்டு. அங்கே நடந்து போனால் தமிழ்ப் பேச்சு காதில் விழும்.

அப்படிப்பட்ட இடத்தில் ரவிக்கை தைக்கும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். தையல் அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

தையல் அக்கா முதன்முதலாகக் கார்டு அடித்தபோது அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒரு கடைக்குப் போனார். விவரத்தை வாயால் சொன்னார். கடைக்காரர் கம்ப்யூட்டரில் தட்டினார். திரையைத் திருப்பிக் காட்டினார். "எல்லாம் சரியா இருக்கா, பாருங்க" என்று கேட்டார்.

அக்கா திரையைப் பார்த்தார். பூப் போட்டிருந்தது. நிறம் நன்றாக இருந்தது. எழுத்து மட்டும் புரியவில்லை. படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பின்னால் வேறு ஆட்கள் நின்றார்கள். "சரியா இருக்கு" என்று தலையை ஆட்டிவிட்டார்.

500 கார்டு அச்சாகி வந்தது. கல்யாணக் காலம். அக்கம்பக்கம் எல்லோருக்கும் கொடுத்தார். ஒரு மாதம் ஆயிற்று. ஒரு போன்கூட வரவில்லை. பிறகு ஓர் அம்மா நேரில் வந்தார். "உன் நம்பருக்குப் போட்டா யாரோ டாக்ஸிக்காரர் எடுக்காரு. இதோட நாலாவது ஆளுன்னு கோபப்படுதாரு" என்றார். எண்ணின் கடைசியில் 47 என்று வர வேண்டும். கார்டில் 74 என்று வந்திருந்தது.

கடைக்காரரிடம் போய்க் கேட்டார். "நீங்கதானே சரின்னு சொன்னீங்க?" என்றார் அவர். அது உண்மைதான். அக்கா திரும்பி வந்துவிட்டார்.

அதன் பிறகுதான் அவர் மாலை வகுப்புக்குப் போனார். தமிழ் எழுத்து படித்தார். எண்களைப் படித்தார், எழுதினார். இரண்டு ஆண்டு ஆயிற்று. மறுபடி ஒரு கார்டு அடிக்க முடிவு செய்தார். இந்தத் தடவை வேறு கடை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவன் ஓர் இளைஞன். தமிழ்ப் பையன்தான். மும்பையில் பிறந்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான். ஆனால் பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும்தான் படித்தான். தமிழ் படிக்கத் தெரியாது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பிறகு இது தேவைப்படும்.

"நான் பக்கத்துலயே உக்காந்து பாக்கேன் தம்பி" என்றார் அக்கா. "உக்காருங்க அக்கா" என்று ஸ்டூலைப் போட்டான்.

கம்ப்யூட்டரில் படம் வரையவும் திருத்தவும் சில மென்பொருள்கள் உண்டு. போட்டோஷாப் என்பது ஒன்று. 1990இல் வந்தது. அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கிம்ப் என்பது இன்னொன்று. அமெரிக்காவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் 1995இல் அதைத் தொடங்கினார்கள். அது இலவசம். யாரும் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கடையில் இரண்டும் இருந்தன.

பையன் முதலில் அளவு கொடுத்தான். நீளம் 3.5 அங்குலம். அகலம் 2 அங்குலம். நம் நாட்டில் பெரும்பாலான கார்டுகள் இந்த அளவை ஒட்டியே இருக்கும். ஏ.டி.எம். கார்டும் ஏறக்குறைய இதே அளவுதான். அதனால் மணிபர்சில் சரியாக உட்காரும்.

அடுத்து 300 என்று ஓர் எண்ணைக் கொடுத்தான். "இது என்ன?" என்று அக்கா கேட்டார்.

"படம் எல்லாம் புள்ளியால ஆனது அக்கா. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தா அச்சு தெளிவா வரும்" என்றான்.

அக்காவுக்கு உடனே புரிந்தது. தையலிலும் அப்படித்தானே? அங்குலத்துக்கு எத்தனை தையல் விழுகிறது என்று பார்ப்பார்கள். தையல் நெருக்கமாக இருந்தால் கோடு அழகாக இருக்கும். தூரத் தூர விழுந்தால் பல்லிளிக்கும். புள்ளியும் அதே கணக்குதான். 3.5 அங்குலத்துக்கு 1050 புள்ளி. 2 அங்குலத்துக்கு 600 புள்ளி.

பிறகு ஒரு படம் போட நினைத்தார்கள். பையன் இன்டர்நெட்டில் தேடினான். பட்டு ரவிக்கை, கல் பதித்த ரவிக்கை என்று நூறு படம் வந்தது. அக்கா வேண்டாம் என்றார். "இது வேற யாரோ தச்சது. நான் தைக்காததை என் கார்டுல எப்படிப் போடுறது? நாளைக்கு ஒருத்தி இதே மாதிரி வேணும்னு வந்து நிப்பா" என்றார். அவர் சொன்னது சரிதான். பிறர் எடுத்த படத்தைக் கேட்காமல் எடுப்பதும் தவறு.

அக்கா சொந்தமாக ஆரி வேலை செய்த ரவிக்கையின் படம் மகளின் செல்போனில் இருந்தது. மகள் அதை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தால் மங்கலாக இருந்தது. வாட்ஸ்ஆப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். புள்ளிகள் குறைந்துபோகும். அதையே 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் சுருங்காது. மகள் இரண்டாவது முறை அப்படி அனுப்பினாள். நூலின் முறுக்குக்கூடத் தெரிந்தது.

கார்டில் ஒவ்வொன்றையும் தனித்தனி அடுக்காகப் போடுகிறார்கள். அடியில் நிறம் ஓர் அடுக்கு. அதன்மேல் படம் ஓர் அடுக்கு. அதற்கும் மேல் எழுத்து. ரவிக்கைக்கு லைனிங் துணி தனி, மேல் துணி தனி இல்லையா? அதுபோலத்தான். அடுக்கு தனியாக இருந்தால் ஒன்றைத் தொடாமல் இன்னொன்றை மாற்றலாம். எண்ணை மட்டும் திருத்தலாம். படத்தை மட்டும் நகர்த்தலாம்.

பையன் அட்டை முழுவதும் கருநீல நிறம் போட்டான். நிறத்தை அளவுக்கு மேல் கொஞ்சம் வெளியே இழுத்தான். சுற்றிலும் 3 மில்லிமீட்டர். எதற்கு என்றால், அச்சடித்த பிறகு தாளை வெட்டுவார்கள். கத்தி ஒரு நூல் அளவு விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். வெளியே நிறம் இருந்தால் தெரியாது. தையலுக்கு விடுகிற துணி மாதிரி. அதேபோல எழுத்தையும் ஓரத்தோடு ஒட்டி வைக்கக் கூடாது. வெட்டும்போது எழுத்தின் காலும் சேர்ந்து போய்விடும்.

கருநீலம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. வேறொரு விஷயமும் உண்டு. திரையில் தெரிகிற நிறம் தாளில் அப்படியே வராது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஒளி. அச்சு மையால் நிறம் காட்டுகிறது. இளநீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மை. துணிக்கடையில் ட்யூப் லைட்டில் பார்த்த சேலை வெயிலில் வேறு மாதிரி இருக்குமே, அது போல. அதனால் நிறைய அடிக்கும் முன் ஒரு தாள் மட்டும் அடித்துப் பார்ப்பது நல்லது.

கடைசியில் வெள்ளை அட்டையே போதும் என்று முடிவு ஆனது. வெள்ளை என்றால் ஓரத்தில் நிறம் விடும் தொல்லையும் இல்லை.

எழுத்துக்கு வந்தார்கள். இங்கேதான் வேடிக்கை.

அக்கா தம் நோட்டில் வாசகத்தை எழுதிக்கொண்டு வந்திருந்தார். மகள் அதைச் செல்போனில் தமிழில் அடித்து அனுப்பினாள். பையன் அதை எடுத்து போட்டோஷாப்பில் ஒட்டினான். பெரிதாக்கினான். நிழல் கொடுத்தான். "நல்லா இருக்குல்ல?" என்று கேட்டான்.

அக்கா விரலை வைத்துப் படித்தார். ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து. நின்றுவிட்டார்.

"தம்பி, 'தை' தப்பா இருக்கு."

"எங்க அக்கா?"

"'தை'க்குக் கொம்பு முன்னால வரணும். இங்க 'த' முதல்ல நிக்குது. கொம்பு பின்னால தொங்குது. இதைப் படிச்சா தையல்னு வராது."

பையன் உற்றுப் பார்த்தான். அவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. கடை முதலாளி வந்து பார்த்தார். அவர் மராத்திக்காரர். அவருக்கும் தெரியவில்லை. அந்தக் கடையில் அன்றைக்குத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் தையல் அக்கா ஒருவர்தான்.

இது எப்படி நடக்கிறது? தமிழில் சில எழுத்துக்கு முன்னால் கொம்பு வரும். 'தெ', 'தே', 'தை' எல்லாம் அப்படி. 'தொ', 'தோ' என்றால் முன்னாலும் வரும், பின்னாலும் வரும். கம்ப்யூட்டர் முதலில் 'த' என்று வைத்துக்கொள்கிறது. கொம்பை அடுத்ததாக வைத்துக்கொள்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை எடுத்து முன்னால் போட வேண்டும். அதைச் செய்யும் அமைப்பு மென்பொருளில் இயங்கவில்லை என்றால் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும். சில நேரம் நடுவில் புள்ளி வட்டம் ஒன்று தோன்றும். பல ஊர்களில் சுவரொட்டியிலும் பேனரிலும் இந்தத் தவறைப் பார்க்கலாம். அச்சடித்தவருக்குத் தமிழ் தெரியாது. அடிக்கச் சொன்னவர் படித்துப் பார்க்கவில்லை.

போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்துக்கான அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கு உரியதைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு சரியாகிவிடும். கிம்ப்பில் தமிழ் சரியாகவே வரும். பையன் கிம்ப்பைத் திறந்து அதே வாசகத்தை ஒட்டினான். கொம்பு தன் இடத்துக்குப் போயிற்று. அக்கா மறுபடி விரல் வைத்துப் படித்தார். "இப்ப சரி" என்றார்.

எழுத்தின் அளவு பற்றியும் ஒரு பேச்சு நடந்தது. பையன் மெல்லிய சாம்பல் நிற எழுத்து வைத்தான். இப்போது அதுதான் நாகரிகம் என்றான். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. தம்மோடு வகுப்பில் படித்த பெண்களை நினைத்தார். அவர்களால் இதைப் படிக்க முடியுமா? கறுப்பு எழுத்து கேட்டார். கொஞ்சம் தடிமனாகக் கேட்டார். செல்போன் எண்ணை எல்லாவற்றையும்விடப் பெரிதாக வைக்கச் சொன்னார். பத்து எண்ணையும் சேர்த்து எழுதாமல் ஐந்து, ஐந்தாகப் பிரித்து வைத்தார்கள். படிக்கவும் எளிது, செல்போனில் அழுத்தவும் எளிது.

ஒரு பக்கம் தமிழ். மறு பக்கம் இந்தி. மராத்திக்கும் இந்திக்கும் ஒரே எழுத்துதான். தாராவியில் வடநாட்டு மக்களும் நிறைய இருக்கிறார்கள். இந்திப் பக்கத்தைக் கடை முதலாளியையே படித்துச் சொல்லச் சொன்னார் அக்கா. அவர் உரக்கப் படித்தார். அக்கா காதால் சரிபார்த்தார்.

வீட்டு எண் வேண்டாம் என்று விட்டுவிட்டார். வாடகை வீடு. இன்றைக்கு இருக்கும், நாளைக்கு மாறும். பெண்கள் தனியாக இருக்கும் வீட்டின் முழு முகவரி ஊரெல்லாம் போக வேண்டுமா என்பதும் ஒரு கேள்வி. பேட்டையும் பக்கத்து அடையாளமும் போதும். ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் சிலர் கார்டில் போட்டுவிடுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது.

முகவரியின் அடியில் பின்கோடு இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். ஆறு எண்கள். தாராவிக்கு 400017. அங்கே வேறு எண் இருந்தது. எப்படி வந்தது? பையன் புதிதாகத் தொடங்கவில்லை. வேறு ஒருவருக்குச் செய்த பழைய கார்டைத் திறந்து, அதன் அளவை மாற்றி, அதன் மேலேயே வேலை செய்திருந்தான். எல்லாக் கடையிலும் அப்படித்தான் செய்கிறார்கள். நேரம் மிச்சம். ஆனால் பழையது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். பையன் "ஸாரி அக்கா" என்று சொல்லிவிட்டுத் திருத்தினான்.

அக்காவுக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது. "வேற என்ன ஒட்டிட்டிருக்கு?" என்று கேட்டார்.

கார்டின் மூலையில் சதுரமாக ஒரு கட்டம் இருந்தது. க்யூ.ஆர். கோடு என்பார்கள். 1994இல் ஜப்பானில் கண்டுபிடித்தது. மோட்டார் உதிரி பாகங்களை எண்ணி வைப்பதற்காகச் செய்தார்கள். இன்றைக்கு இளநீர்க் கடையில்கூட இருக்கிறது. நம் நாட்டில் 2016இல் யு.பி.ஐ. வந்தது. அதற்குப் பிறகு செல்போனைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. அக்காவும் தம் யு.பி.ஐ. கட்டத்தைக் கார்டில் போடச் சொல்லியிருந்தார்.

எழுத்தைப் படிக்கலாம். எண்ணைப் படிக்கலாம். இந்தக் கட்டத்தை எப்படிப் படிப்பது? எத்தனை படித்தவரும் கண்ணால் படிக்க முடியாது. எல்லாக் கட்டமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அக்கா மகளைக் கூப்பிட்டார். மகள் செல்போனைத் திரைக்கு நேரே பிடித்தாள். ஒரு பெயர் வந்தது. அது அக்காவின் பெயர் இல்லை. யாரோ ஓர் ஆணின் பெயர்.

கடையில் யாரும் பேசவில்லை. அந்தக் கார்டு அப்படியே அச்சாகியிருந்தால்? வாடிக்கையாளர் பணம் அனுப்புவார். அனுப்பியதாகச் சொல்வார். அக்காவுக்கு வந்து சேராது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பொய்க்காரர் என்று நினைப்பார்கள்.

பையன் முகம் வாடிப்போயிற்று. பழைய அடுக்கை நீக்கினான். அக்காவின் கட்டத்தைப் போட்டான். இந்தக் கட்டத்தை இழுத்து நீட்டக் கூடாது, சதுரமாகவே இருக்க வேண்டும். சுற்றிலும் கொஞ்சம் வெள்ளை இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் செல்போன் அதைக் கண்டுகொள்ளாது.

ஒரு தாள் மட்டும் அச்சடித்தார்கள். தாளில் இருந்த கட்டத்தை மூன்று செல்போனில் சோதித்தார்கள். மூன்றிலும் அக்காவின் பெயர் வந்தது. மகள் ஒரு ரூபாய் அனுப்பினாள். அக்காவின் செல்போனில் மணி அடித்தது. கார்டில் இருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்திப் போனும் போட்டார்கள். அக்காவின் கையில்தான் மணி அடித்தது. டாக்ஸிக்காரர் எடுக்கவில்லை.

பிறகு எத்தனை கார்டு என்ற கேள்வி. பெரிய அச்சு இயந்திரத்தில் அடித்தால் முதலில் மைக்குத் தகடு செய்ய வேண்டும். நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் தகட்டுச் செலவு ஒன்றுதான். அதனால் நிறைய அடித்தால் கார்டு ஒன்றுக்கு விலை குறையும். கொஞ்சமாக வேண்டும் என்றால் கடையில் இருக்கும் கலர் பிரிண்டரே போதும். ஏ4 தாள் ஒன்றில் 10 கார்டு அமையும். தாள் தடிமனாக இருக்க வேண்டும். தாளின் தடிமனை ஜி.எஸ்.எம். என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. கார்டுக்கு 250 முதல் 300 வரை இருந்தால் விறைப்பாக நிற்கும். பிரிண்டர் அந்தத் தடிமனை இழுக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அக்கா 100 கார்டு போதும் என்றார். பத்துத் தாள். பையன் வெட்டி, அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தான். கார்டு இருந்த பைலையும் அக்கா கேட்டு வாங்கினார். அடுக்கெல்லாம் அப்படியே இருக்கிற பைல் ஒன்று. அச்சுக்கு உரிய பி.டி.எப். ஒன்று. இரண்டையும் மகளின் பென் டிரைவில் போட்டுக்கொண்டார். நாளைக்கு எண் மாறினால் எந்தக் கடைக்கும் போகலாம்.

பட்டன், நூல் விற்கும் கடையில் பத்துக் கார்டு வைத்தார். பூக்காரம்மாவிடம் பத்துக் கொடுத்தார். மாலை வகுப்பில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அவர்கள் விரல் வைத்துப் படித்தார்கள்.

பழைய கார்டு இன்னும் முந்நூறுக்கு மேல் மீதம் இருக்கிறது. பின்பக்கம் வெள்ளை. அளவெடுக்கும்போது அக்கா அதில் ஒன்றை எடுக்கிறார். முன்பக்கத்து எண்ணை அடித்துவிடுகிறார். பின்பக்கத்தில் பெயர், தோள், மார்பு, கை நீளம், கொடுக்க வேண்டிய தேதி என்று எழுதி, துணியோடு குண்டூசியால் குத்தி வைக்கிறார்.